உயிரிழப்பு: பூஜ்யம்

வில்லாயுதம் செத்து இருபத்திரண்டாம் நாள் அவன் மனைவி காளீஸ்வரிக்கு வளைகாப்பு நடந்தது. வீடியோ காலில் வில்லாயுதமும் வந்திருந்தான்.

மஞ்சள் வேலைச் சட்டை, கழுத்தில் ஈரத்துண்டு, நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு. முதுகுக்குப் பின்னால் புது விளையாட்டு அரங்கத்தின் கூரை வெயிலில் பளபளத்தது. கமுதிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே யாரோ தூக்கிப் பிடித்திருந்த செல்போனில் அந்த முகம் தெரிந்தது. மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி, மெர்ஸா நாட்டில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பூமிநாதனும் அதே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் ஹெட்போன், முன்னால் ஒரு மைக், அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான்.

“என்ன மாப்ள, நாங்க ஒம் பொண்டாட்டிக்கு வளையல் போட வந்துருக்கோம், நீ அங்க உக்காந்து எவன் ஓடுறதுக்கோ கொட்டாய் போட்டுக்கிட்டு இருக்க?” என்று ஒரு அம்மாள் போனுக்குள் தலையை விட்டாள்.

திரையின் கீழே, அது சொல்லப்போகிற பதில் எழுத்தில் வந்தது. ‘வாங்க பெரியம்மா.’

பூமிநாதன் பொத்தானை அழுத்தினான். “பெரியம்மா இல்ல. காளீஸ்வரிக்குத்தான் பெரியம்மா. இவனுக்கு அத்தை.”

திருத்தம் போய்ச் சேர இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியை ஊரில் ‘நெட் இழுக்குது’ என்று எடுத்துக்கொள்வார்கள்.

“வாங்கத்தை. லீவு கேட்டேன், குடுக்கல” என்றான் திரையில் இருந்த வில்லாயுதம்.

பூமிநாதனுக்கு அது போதவில்லை. கேலிக்குக் கேலி திருப்பிக் கொடுக்காமல் வில்லாயுதம் விட்டதே கிடையாது. மறுபடி பொத்தானை அழுத்தினான். “இதையும் சொல்லு. வந்ததுதான் வந்தீக, நீங்களும் ரெண்டு கை நெறையப் போட்டுக்கிருங்கத்தை. மாமா சத்தம் கேட்டாவது வீட்டுக்கு வரட்டும்.”

இரண்டு நொடி கழித்து வில்லாயுதம் அதைச் சொன்னான். அவனுடைய அதே குரலில், அதே இழுவையில், கடைசி வார்த்தையை விழுங்கிச் சிரித்துக்கொண்டே சொன்னான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. கன்னத்தில் சந்தனமும் முழங்கைவரை கண்ணாடி வளையலுமாக உட்கார்ந்திருந்த காளீஸ்வரி தலையை நிமிர்த்தி, கண் இடுங்க, வாய்விட்டுச் சிரித்தாள்.

பூமிநாதன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

*

வில்லாயுதமும் அவனும் நான்கு வருஷமாக ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இரண்டு பேருக்கும் சாரத்தில் வேலை. அரங்கத்தின் கூரைக்குக் கீழே குழாய்களை இணைத்துப் பலகை போட்டு, அதன்மேல் நின்று முடுக்குகிற வேலை. செத்த அன்று காலை பதினொரு மணிக்கு வில்லாயுதம் மேற்குப் பக்கத்திலிருந்து விழுந்தான். இடுப்பு பெல்ட்டின் கொக்கி குழாயில் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தது. அந்தக் குழாய்தான் கையோடு வந்துவிட்டது. அடுத்த பலகையில் நின்ற பூமிநாதன் ஏணி ஏணியாக இறங்கி வருவதற்குள், விழுந்த இடத்தில் மணல் போட்டிருந்தார்கள்.

அரங்கத்தின் நெற்றியில், கடற்கரைச் சாலையிலிருந்தே தெரிகிற மாதிரி ஒரு பலகை உண்டு. போட்டிக்கு இன்னும் எத்தனை நாள் என்று மேல்வரியில் ஓடும். கீழ்வரியில் ‘உயிரிழப்பு: 0’. அன்று சாயங்காலம் கேம்ப் பஸ்ஸில் திரும்பும்போது பூமிநாதன் எட்டிப் பார்த்தான். மேல்வரியில் ஒரு நாள் குறைந்திருந்தது. கீழ்வரி அப்படியேதான் இருந்தது.

மறுநாள் அவனை ‘தொடர்ச்சிப் பிரிவு’ என்று எழுதியிருந்த கட்டடத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே தமிழுக்குப் பொறுப்பு நிரஞ்சனா என்ற இன்ஜினியர். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், அவனைவிட இரண்டு மூன்று வயது இளையவள்.

“உக்காருங்கண்ணா. டீ சொல்லட்டுங்களா?”

“அவன் எங்க மேடம்?”

“குளிர் அறைல இருக்காருங்க. பத்திரமாத்தான் இருக்காரு.”

“பொட்டி எப்ப ஊருக்குப் போகும்?”

நிரஞ்சனா அவனைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். “போட்டி முடியட்டும்ங்க. நிறைவு விழாவுக்கு மறுநாள், முதல் ப்ளைட். அதுவரைக்கும் அவரு உசுரோட இருக்கோணும்.”

பூமிநாதனுக்குப் புரியவில்லை. அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். வில்லாயுதம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாப்ட்டியா மச்சான்?” என்று கேட்டான். பூமிநாதன் நாற்காலியோடு பின்னால் போனான்.

“நீங்க எல்லாரும் ப்ரீன்னு கேம்ப் ஆப்லதானே ஊருக்குப் பேசறீங்க” என்றாள் அவள். “நாலு வருஷம் அவரு பேசுனது அத்தனையும் இருக்குதுங்க. குரல், முகம், எங்க நிறுத்துவாரு, எப்ப இருமுவாரு, எல்லாம். அதை வெச்சு இது பேசும். ஆனா முறை வெச்சுக் கூப்படறது மட்டும் இதுக்குப் பிடிபட மாட்டேங்குது. யாரு அத்தை, யாரு மதினி, யாரைக் கேலி பண்ணலாம், யாருகிட்ட பம்மோணும். கூட ஒரு ஆளு உக்காந்து திருத்தோணும்.”

“ஒரு நம்பருக்காகவா மேடம் இதெல்லாம்?”

“போன தடவ போட்டி நடத்துன நாட்டுல கட்டடத்துல எத்தனை பேரு செத்தாங்கன்னுதான் உலகமே பேசுச்சு. யாரு ஓடுனா, யாரு ஜெயிச்சா, யாருக்கும் ஞாபகம் இல்ல. அதைப் பாத்துட்டுத்தான் இந்த ஊரு அதிபர் மேடைல சத்தியம் பண்ணுனாரு, எங்க அரங்கத்துல ஒரு உசுரு கூடப் போகாதுன்னு. அடுத்த எலக்‌ஷன், வெளிநாட்டு மரியாதை, எல்லாம் அதை நம்பித்தான் நிக்குது. இங்க மெடலை விட அந்த சைபர்தானுங்க தங்கம்.”

“நான் மாட்டேன்னு சொன்னா?”

“அவரு கேம்பை விட்டு ஓடிட்டாருன்னு எழுதிருவாங்க. ஓடிப்போனவருக்கு யாருங்க பொட்டி அனுப்புவா?” அவள் குரல் இறங்கியது. “நான் மெரட்டலீங்கண்ணா. இங்க எல்லாருக்கும் இதேதான்.”

வெளியே வந்தபோது நடைபாதையின் இரண்டு பக்கமும் அதே மாதிரிக் கண்ணாடிக் கூண்டுகள். நேபாளி, வங்காளி, தெலுங்கு என்று கதவுகளில் எழுதியிருந்தது. நேபாளிக்கு மட்டும் மூன்று கதவு. தண்ணீர் பிடிக்க வந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாளே பூமிநாதன் பச்சைப் பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்தான். எப்படியாவது வில்லாயுதத்தைப் பெட்டியிலாவது ஊர் சேர்க்க வேண்டும். காளீஸ்வரி கையால் ஒரு பிடி மண் விழவேண்டும். வேறு எதையும் அவன் யோசிக்கவில்லை.

சொன்னால் அசிங்கம், அந்த வேலை அவனுக்கு நன்றாகவே வந்தது. வில்லாயுதம் எங்கே இழுப்பான், எங்கே பேச்சை மாற்றுவான் என்பதெல்லாம் நான்கு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்டதுதானே. காளீஸ்வரியும் தினமும் அலுக்காமல் பேசினாள். பிள்ளை உதைப்பதைச் சொல்வாள், மிளகாய் விலையைச் சொல்வாள், ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிப்பாள். இந்தப் பெண் இவ்வளவு சிரித்துப் பேசும் என்று பூமிநாதனுக்கு அதுவரை தெரியாது.

*

போட்டி பதினாறு நாள் நடந்தது. ஒவ்வொரு பதக்க மேடைக்கும் முன்னால் பெரிய திரையில் அந்த பூஜ்யம் ஒளிர்ந்து அணையும். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துத் தலைக்குமேல் காட்டுவதுதான் அந்த வருஷத்து வணக்கம். முதல் நாள் மெர்ஸாக்காரர்கள் காட்டினார்கள். மூன்றாம் நாள் எல்லா நாட்டு ரசிகர்களும் காட்டினார்கள். நூறு மீட்டரில் ஜெயித்த பெண் மூச்சு வாங்கிக்கொண்டே கேமராவைப் பார்த்துக் காட்டியபோது, இதெல்லாம் தெரியாமல்தான் செய்கிறாள் என்று பூமிநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் எத்தனை வருஷம் ஓடி அங்கே வந்திருப்பாள். அவளுடைய ஓட்டத்தையும் சேர்த்துத்தான் திருடிக்கொண்டிருந்தார்கள்.

நிறைவு நாளில் தொழிலாளிகளுக்கென்று கிழக்குப் பக்கம் ஒரு பகுதி ஒதுக்கி, எல்லோருக்கும் புது மஞ்சள் சட்டை கொடுத்து உட்காரவைத்தார்கள். சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. கடைசித் தொடர் ஓட்டம் முடிந்ததும் அதிபர் மேடையேறினார். இந்த அரங்கத்தைக் கட்டிய கைகளை உலகம் பார்க்கட்டும் என்றார். பெரிய திரை வெளுத்து, பிறகு நிறம் பிடித்தது.

நான்கு மாடி உயரத்துக்குக் காளீஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.

சந்தனம், வளையல், பெண்கள் கூட்டம். பக்கத்துக் கட்டத்தில் வில்லாயுதம். அத்தைக்காரியின் கேலிக்கும், அவன் திருப்பிச் சொன்ன வளையல் கேலிக்கும் கீழே ஏழெட்டு மொழியில் எழுத்து ஓடியது. அறுபதாயிரம் பேர் சிரித்தார்கள். காளீஸ்வரி தலை நிமிர்ந்து சிரித்தபோது அரங்கமே ‘ஆ’ என்று உருகியது. மைதானத்தில் நின்ற வீரர்கள் விரலை வட்டமாக்கி அவளை நோக்கித் தூக்கிக் காட்டினார்கள். சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பூமிநாதனுக்குப் பக்கத்தில் அதே கேம்ப்பில் தங்கியிருந்த அபிராமம்காரர் துள்ளி எழுந்தார். “அடேய், நம்ம வில்லாயுதம்டா. கீழ விழுந்துட்டான், கீழ விழுந்துட்டான்னு ஒரே புரளி. பாரு, நல்லாத்தானய்யா இருக்கான்.”

பூமிநாதன் வாயைத் திறந்தான். மறுநாள் முதல் ப்ளைட் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டான்.

விடிந்ததும் அவன் நிரஞ்சனாவின் அறைக்குப் போனான். அவள் கண் வீங்கியிருந்தது.

“பொட்டி எத்தனை மணிக்கு மேடம்?”

“அண்ணா, நேத்து எத்தனை கோடிப் பேரு அவரைப் பாத்தாங்கன்னு தெரியுங்களா?”

“நானும்தான் பாத்தேன். பொட்டி எத்தனை மணிக்கு?”

“உலகமே உசுரோட பாத்த மனுசனை எப்படிங்க பொட்டில வெச்சு அனுப்புவாங்க?”

“எத்தனையோ வீடியோ கால் இருக்குல்ல மேடம். அதைப் போய் ஏன் எடுத்தாங்க?” என்றான் பூமிநாதன்.

“இருக்கறதுலயே அதுதான் உசுரா இருந்துச்சுங்க. இது தானாப் பேசுன எதுவும் அப்படி வரலை. நீங்க சொல்லிக் குடுத்த அந்த வளையல் பேச்சும், அதுக்கு அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்பும். மேல இருந்து வந்து அதைத்தான் எடுத்துட்டுப் போனாங்க.”

“அவன் இப்ப எங்க இருக்கான்?”

“நேத்தே வண்டி வந்து குளிர் அறையைக் காலி பண்ணிட்டாங்க. எங்க கொண்டுபோனாங்கன்னு கேட்டேன். சொல்லலீங்க.” அவள் விரல்களைப் பிசைந்தாள். “இன்னொன்னும் இருக்குதுங்கண்ணா. கொழந்தை பொறந்தா அவரு ஊருக்கு வரோணும்ல. அதுக்குள்ள இந்தப் பேச்சை முடிக்கச் சொல்லியிருக்காங்க. இனிமே இது சண்டை போடும். சந்தேகப்பட்டுத் திட்டும். வேற நாடு, வேற பொண்ணுன்னு சொல்லிட்டு நிறுத்திரும். விட்டுட்டு ஓடுன புருசனை ஊர்ல யாரும் தோண்டித் தேட மாட்டாங்கல்லங்க.”

“அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல மேடம்.”

“தெரியும்ங்க. நாலு வருஷப் பேச்சையும் கேட்டவ நானு.”

“அந்தச் சண்டைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டேன்.”

“உங்களைக் கேக்க மாட்டாங்க” என்றாள் நிரஞ்சனா. “திட்டறதுக்கு முறையெல்லாம் வேண்டியதில்லையேங்க.”

*

வேலை முடிந்துவிட்டது என்று அவனையும் மற்ற ஆட்களோடு ஏற்றி அனுப்பினார்கள். மதுரையில் இறங்கி, கமுதி பஸ் பிடித்து, காளீஸ்வரியின் ஊர் விலக்கில் பூமிநாதன் இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். நிழற்குடைக்கு எதிரில் ஆளுயரத்துக்கு ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘உலகமே வியந்த எங்கள் ஊர்த் தம்பதி’ என்று மேலே. நடுவில் வில்லாயுதமும் காளீஸ்வரியும். கீழே கைகூப்பியபடி ஒன்பது கட்சிக்காரர்கள்.

வளைகாப்புக்குப் பிறகு அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். வாசலில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயைக் காலால் புரட்டிவிட்டுக்கொண்டிருந்த காளீஸ்வரி அவனைப் பார்த்ததும் நின்றாள். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. வளையல்களை இன்னும் கழற்றவில்லை.

வழி நெடுக எப்படி ஆரம்பிப்பது என்று அவன் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். அவளே ஆரம்பித்தாள்.

“வாங்கண்ணே. வெறுங்கையோடதான் வந்தீகளா? அவரக் கொண்டாரலையா?”

அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“ஒனக்கு எப்பத்தா தெரியும்?”

“ரெண்டாவது வாரமே தெரியும்.” அவள் சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். “ஆப்ல பேசுறத எவனோ கேக்குறான்னு அவருக்கு எப்பவும் சந்தேகம். அதுல சும்மா சிரிச்சுப் பேசுவாரு, அம்புட்டுத்தான். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை உங்களுக்கெல்லாம் தெரியாம டீக்கடை சேட்டன் போன்லருந்து கூப்புடுவாரு. மனசுல உள்ளதெல்லாம் அதுலதான். வெயில் தாங்கல, பயமாருக்கு, ஒன்னயப் பாக்கணும்னு அழுவாரு. ரெண்டு வெள்ளி அது வரல. ஆப்ல மட்டும் தெனமும் வர்றாரு. நானே சேட்டன் நம்பருக்குப் போட்டேன். சேட்டன் எம் பேரக் கேட்டதுமே அழுதுட்டாரு.”

“தெரிஞ்சுமாத்தா வளைகாப்புல உக்காந்த?”

“சேட்டன்தான் சொன்னாரு. ஒனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சா பாடி வராது மோளே, போட்டி முடியுற வரைக்கும் தெரியாத மாதிரியே பேசிக்கோன்னு. எங்கம்மாகிட்டக் கூடச் சொல்லல. பூ வச்சாக, சந்தனம் பூசுனாக, வளையல் போட்டாக. நான் கொஞ்சம் கலங்குனாலும் அங்க கண்டுபுடிச்சுருவாகன்னு பயம். என்னால எவ்வளவு சிரிக்க முடியுமோ அவ்வளவு சிரிச்சேண்ணே.”

மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. பூமிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கண்ணாடிக் கூண்டு, பச்சைப் பொத்தான், நிறைவு விழா, காலியான குளிர் அறை. பெட்டி வராது என்பதையும் சொன்னான். அந்த வளைகாப்பு வீடியோவை எதற்காக எடுத்தார்கள் என்று சொல்லவேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டான்.

அவள் விடவில்லை. “எதுக்குண்ணே என்னோடத எடுத்தாக? நான் சிரிச்சேன்னா?”

“இல்லத்தா.” அவன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். “நான் சொல்லிக் குடுத்தேன்ல ஒரு கேலி, அதுக்காக. எல்லாம் என்னாலதான். ஒன் சிரிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அவள் அதை நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிட்டு, அவை மறுபடி சரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேஸ் போடுவோம்த்தா. நான் வந்து சொல்றேன்.”

“யாருண்ணே நம்புவா? எங்கம்மாவே நம்பாது. நேத்துக்கூட அவருகூடப் பேசுச்சே.”

அப்போது போன் அடித்தது. கேம்ப் ஆப். திரையில் துண்டும் சிரிப்புமாக வில்லாயுதத்தின் படம்.

“முந்தாநாத்துலருந்து ஒரு மாதிரியாப் பேசுது” என்றாள் அவள். எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“எம்புட்டு நேரம்டி அடிக்கிறது? எவன்கிட்டப் பேசிக்கிட்டு இருந்த?”

அதே குரல். அதே இழுவை. பூமிநாதன் பாய்ந்து போனைப் பிடுங்கப் போனான். அவள் அவன் கையைத் தள்ளினாள். “விடுங்கண்ணே.”

“அந்த வீடியோவப் பாத்துட்டு ஊரே ஒன்னப் பத்திப் பேசுதாம்ல. என்னா இளிப்பு இளிக்கிற நீ. ஒன்னயக் கட்டுனதுலருந்து எனக்கு நிம்மதியே இல்ல.”

அறுபது நாளாக உள்ளே கிடந்தது அவள் கண்ணிலிருந்து சத்தமில்லாமல் இறங்க ஆரம்பித்தது. அவள் துடைக்கவில்லை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் அதைத் திருத்திச் சொல்ல யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அது தன்பாட்டுக்குத் திட்டிக்கொண்டே போனது. பிறகு அதற்கும் திட்டு தீர்ந்துபோன மாதிரி ஒரு அமைதி வந்தது.

“என்ன, பேச்சையே காணோம்? சரி, வைக்கிறேன் போ.”

“வைக்காதீக” என்றாள் காளீஸ்வரி. போனை எடுத்து, முகம் கீழே படும்படி, வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் திட்டுங்க.”